ஏட்டையா சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு

குடிக்காதவன் வீட்டில் மிச்சமிருக்கும் விஸ்கியைப் போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது. குடிக்கிறவன் வீட்டில் அது மிச்சமே இருக்காது என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் நடுவில், மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் நான் புதுக் கிளார்க். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சரக்கை இறக்கிவிட்டுப் புறப்பட்ட ஒரு கிரேக்கக் கப்பலின் கேப்டன் என் உழைப்பை மெச்சி (உழைப்பு என்ன உழைப்பு, அவர் சொன்னதற்கெல்லாம் ‘எஸ் சார்’ போட்டேன்) பேப்பரில் சுற்றிய ஒரு பாட்டிலைக் கையில் திணித்தார். தேன் என்று நினைத்து வாங்கி வந்துவிட்டேன். துறைமுக கேட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் முகராசி அப்படி.

வீட்டில் பிரித்தால், அரை பாட்டில் விஸ்கி!

“பாட்டில் எவ்வளவு லெச்சணமா இருக்கு! மணி பிளாண்ட் வைக்கலாம்லா. உள்ள இருக்கத மட்டும் எங்கயாவது கொட்டிருங்க” என்றாள் என் மனைவி கனகு.

எங்கே கொட்ட? சுவரை ஒட்டிய அடுத்த வீடு மதுவிலக்குப் பிரிவு ஏட்டையாவுடையது. எங்கள் சாக்கடை அவர் வாசல் வழியாகத்தான் போகும். பனங்காட்டுக்குள் எவனாவது சாராய ஊறல் போட்டிருந்தால், பஸ்ஸில் போகும்போதே மோப்பம் பிடித்துவிடுகிற மனுஷன். கேஸ் என்று ஒன்று விழுந்தால் என் வேலை அன்றோடு காலி.

“தென்னை மூட்டுல ஊத்திருவமா?” என்றேன்.

“அதுவும் அவுக வீட்டுத் தென்னைதான்.”

கடைசியில் மகா புத்திசாலியான நான் சொன்னேன்: “கொதிக்க வைப்போம். வாசம் ஆவியாப் போயிரும். மிச்சத்தக் குழம்புல விட்டுருவோம். வெள்ளக்காரன் கறிக்கே இதத்தான் ஊத்துதானாம், ஒரு பத்திரிகைல படிச்சேன்.” ஆவி எங்கே போகும் என்று அந்தப் பத்திரிகையில் போடவில்லை.

மண்சட்டியில் ஊற்றி விறகடுப்பில் ஏற்றினோம். கடல்காற்று வீசுகிற நேரம். வாசம் கிளம்பிற்று பாருங்கள், அந்தக் கப்பலே தெருவுக்குள் வந்துவிட்ட மாதிரி! கொதித்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். குப்பென்று நீலமாகத் தீப் பிடித்தது. மீசையில் இடது பாதி அதோடு போயிற்று.

“ஏ பாவி மனுசா!” என்று கத்திக்கொண்டே கனகு தட்டைப் போட்டுத் தீயை அமுக்கினாள். (கல்யாணமாகி அன்றுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து என்னை வைதாள். அதற்கப்புறம் மூடவேயில்லை.)

அதற்குள் கதவு தட்டுகிற சத்தம். “தம்பி! என்னமோ வாசம் வருதே?” ஏட்டையா குரல்.

கனகு வீட்டில் இருந்த நெத்திலிக் கருவாடு முழுவதையும் சட்டியில் தட்டி, புளியைக் கரைத்து ஊற்றி, மிளகாய்ப் பொடியை அள்ளிப் போட்டாள். நான் பாதி மீசையைக் கையால் மூடிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அவர் நேராக அடுக்களைக்கே வந்து மூக்கை விரித்து இழுத்தார். “கருவாடு தெரியுது. கூட வேற என்னமோ கெடக்கே. என்னதும்மா அது?”

“சீமைக் காடி, அண்ணாச்சி” என்றாள் கனகு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கள்ளைப் புளிக்கவைத்து எடுக்கிற காடியைக் குழம்பில் விடுவது எங்கள் கரையில் வழக்கம்தான். ஆனால் சீமைக் காடி என்று ஒன்று அந்த நிமிஷம் வரை உலகத்திலேயே இல்லை.

“அப்பிடியா? கொதிக்கட்டும், கொதிக்கட்டும்” என்று அவர் உட்கார்ந்தேவிட்டார்.

சோற்றைப் போடப் போடச் சாப்பிட்டார். காது சிவந்தது, நெற்றி வேர்த்தது. “கொழம்புன்னா இதுல்லா கொழம்பு!” என்று சட்டியை வழித்தார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பிக்கு மீசை ஒரு பக்கந்தான் வளருமோ?” என்று வருத்தப்பட்டார். சாராயத்தில் கரைகண்ட மனுஷன் சீமைச் சரக்கை ஜென்மத்தில் மோந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

தப்பித்தோமடா சாமி என்றிருந்தேன். அடுத்த வாரம் யூனிஃபாரத்தோடு என் ஆபீசுக்கே வந்துவிட்டார். நேராக மேனேஜர் மேஜைக்குப் போனார்.

“சார், வீட்டுல ஒரே நச்சரிப்பு. கடைத்தெரு பூராக் கேட்டுட்டேன், ஒரு கடையிலயும் இல்ல. கப்பல்லதான் வருமாம்லா, இந்த சீமைக் காடி? நம்ம தம்பி வீட்டுல கருவாட்டுக்கு ஊத்துதாவ. தம்பி சம்சாரம் எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிச்சாம், தேன் கலர்ல இருக்குமாம். அடுப்புல வச்சா நீலமா எரியுமாம். தம்பி மீசையே அதுலதான் போச்சாம்.”

மேனேஜர் மழித்திருந்த என் மேலுதட்டைப் பார்த்தார். கப்பல்காரர்களோடு பழம் தின்று கொட்டை போட்டவர், அவருக்குத் தெரியாத காடியா? நான் மனசுக்குள் ராஜினாமா எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஊருக்குப் போய் அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழுகையே வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏட்டையா, அது பெர்மிட் இருந்தாத்தான் கெடைக்கும்.”

(டாக்டர் சீட்டைக் காட்டிக் குடிக்க வாங்குகிற அனுமதிக்குத்தான் அப்போது ஊரில் பெர்மிட் என்று பேர். அதைத் தினமும் ஊராரிடம் கேட்கிறவரே இந்த ஏட்டையாதான்.)

ஏட்டையா அசந்துபோனார். “காடிக்குமா சார் பெர்மிட்டு? நாடு எங்க போகுது!” என்று தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “ஏலே, வேலை நிரந்தரம் ஆகுற வரைக்கும் ஒங்க வீட்டுக் கொழம்புக்கு வெறும் புளி போதும்.” அந்த வருஷமே நிரந்தரமாயிற்று. அவர் காலில் விழாத குறை.

இப்போது எனக்குச் சர்க்கரை வியாதி. விசேஷ நாளில் கிண்ணத்தை நீட்டினால் கனகு கரண்டியை மேலே தூக்கிக்கொண்டு, “பெர்மிட் எங்க?” என்கிறாள். பிள்ளைகள், மருமக்கள் எல்லார் முன்னாலும் நான் ஏட்டையா குரலில், “பாயசத்துக்குமா பெர்மிட்டு? நாடு எங்க போகுது!” என்று கேட்டாக வேண்டும். கேட்டால்தான் ஒரு கரண்டி விழும்.