எங்கள் வீட்டுப் போன்காலில் இருந்த ராணுவ ரகசியங்கள்

ராணுவ ஒட்டுக்கேட்புப் பிரிவின் மேன்மை தங்கிய சட்ட அதிகாரி அவர்களுக்கு, அதாவது வீட்டில் சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் வாலு பணிவோடு எழுதிக்கொள்வது. (பணிவு இந்த ஒரு வரிக்கு மட்டும்.) நாங்கள் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள். அதனால் நலத்தை அது பாட்டுக்கு விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் அண்ணன் ராணுவ முகாமிலிருந்து கடைசியாகப் பேசிய போன்காலை இந்த மாதக் கடைசியில் அழிக்கப் போகிறீர்கள். கூடாது. அது சாதாரணக் கால் இல்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், எங்கள் வீட்டில் அந்தக் குரல் ஏன் மிச்சமில்லை என்பதை ஒரு அதிகாரியாக நீங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் போட்டது கம்ப்யூட்டர் சண்டை. "உக்காந்த இடத்துல போர் பண்றவனுக்கு என்ன ஆயிடும், மிஞ்சிப் போனா முதுகுவலி வரும்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஏவுகணைக்கு அது தெரியவில்லை, உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. அடுத்த வாரம் எங்கள் எல்லோர் போனுக்கும் ஒரு செய்தி வந்தது: 'உங்கள் மகனின் கடைசி வீடியோ.' அப்பா அமுக்கினார், அம்மா அமுக்கினாள், நானும் அமுக்கினேன், ஊரையே ஏமாற்றுகிற நான்! யார்தான் அமுக்காமல் இருப்பார்கள்? எதிரி அனுப்பிய வைரஸ் சித்தப்பா அது. போட்டோ, வீடியோ, அவன் அனுப்பிய குரல் செய்தி என்று எல்லாவற்றையும் துடைத்து, போனைப் புதிதாக வாங்கியது போல் பளபளவென்று கொடுத்துவிட்டுப் போனது. அம்மா இன்னும் அந்தக் காலி போனைத்தான் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

அதனால்தான் நீங்கள் வந்தபோது அந்தக் கடைசிக் காலின் பதிவு கிடைக்குமா என்று அம்மா கேட்டாள். நீங்கள் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினீர்கள்.

"முகாம்ல இருந்து வர்ற கால் எல்லாம் பதிவாகும் அண்ணி. ரகசியம் கசியுதான்னு பாக்க. கசியலைன்னா கெடு முடிஞ்சதும் அழிச்சே ஆகணும். யாருக்கும் நகல் தரக் கூடாது."

"நான் யாரோவா? பெத்தவ."

"சட்டத்துக்கு அது தெரியாது அண்ணி. ஜனங்க வீட்டுல பேசுறதை ராணுவம் சேத்து வெக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு வாங்கின விதி. நானே அதுக்காகப் பேசியிருக்கேன்."

"சந்தேகம்னு வந்தா?" என்று நான் கேட்டேன்.

"வந்தா பேசினவன் பேர்ல கோப்பு திறந்து வெச்சுப்போம். நீ ஏன் கேக்கிற?"

ஏன் கேட்டேன் என்றால், இதற்காகத்தான். இதோ துப்பு. எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா எடுத்ததும் கேட்டது "சாப்டியா?". பார்த்தால் சாதாரணம். உண்மையில் அது ஆயுதக் கிடங்கு பற்றிய விசாரணை. அண்ணன் "முட்டை குடுத்தாங்கம்மா, வெந்தும் வேகாம" என்றான். குண்டு பாதி தயார் என்று அர்த்தம். அம்மா "துவைச்ச சாக்ஸ் காஞ்சுதா?" என்றாள். அவன் "ஒண்ணு காஞ்சுது, இன்னொண்ணு ஆளையே காணோம்" என்றான். இரண்டு ஒற்றர்களில் ஒருவன் தலைமறைவு, இதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்தது அப்பா. அப்பா போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார் என்று உங்களுக்கே தெரியும், அன்றைக்குச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார். கசிவு! ராணுவத்தில் கசிவு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? "நான் லீவுல வந்து வாஷர் மாத்துறேன்பா, நீங்க கை வெச்சு உள்ளதையும் உடைச்சிராதீங்க" என்று மேலிடத்து உத்தரவு வந்தது. உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது சித்தப்பா. குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பிளம்பர் வாசல் வரை வந்தார். "என் பையன் பாத்துப்பான்" என்று சொல்லி அப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக நான். "ஏய் வாலு, என் நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியிறியாமே?" என்றான். "உன் சட்டையைப் போட்டா உன் மூஞ்சி மாதிரி ஆயிடும், எனக்கென்ன தலையெழுத்தா?" என்றேன். பேசும்போது அதைத்தான் போட்டிருந்தேன். சீருடையில் ஆள்மாறாட்டம், பெரிய குற்றம்.

ஆக, மொத்தக் குடும்பமும் சதிகாரக் கும்பல். உடனே கோப்பு திறந்து, பதிவை இரும்பு அலமாரியில் பூட்டி, எங்களை விசாரணைக்குக் கூப்பிடுங்கள். விசாரணை என்றால் பதிவைப் போட்டுக் காட்டித்தானே கேள்வி கேட்பீர்கள்? அம்மாவை நானே அழைத்து வருகிறேன், முதல் குற்றவாளி அவள்தான். கைக்குக் காப்புப் போட்டாலும் பரவாயில்லை, காதை மட்டும் விட்டுவையுங்கள்.

சித்திக்கு என் அன்பு. தம்பிப் பயலுக்கு ஒரு குட்டு. உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் சந்தேக புத்தியும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
கைதாகக் காத்திருக்கும்
வாலு

பின்குறிப்பு: துப்பு என்று மேலே எழுதியது அத்தனையும் பொய். அம்மா படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவன் பேர் பக்கத்துல சந்தேகம்னு ஒரு எழுத்து எழுதித்தான் வெச்சுக்கணும்னா அந்தக் குரலே எனக்கு வேணாம்டி. அழிச்சிரச் சொல்லு" என்றாள். அதனால் சித்தப்பா, முட்டை முட்டைதான், சாக்ஸ் சாக்ஸ்தான். விதிப்படி அழித்துவிடுங்கள்.

ஆனால் அழிக்கும் முன் யாராவது ஒருவர் முழுதாகக் கேட்டாக வேண்டும் என்று விதி இருந்தால், இல்லாவிட்டாலும், அது நீங்களாக இருங்கள். "வெச்சிடறேன்" என்று அவன் சொன்னதோடு முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். போனை வைக்க மறந்துவிட்டு, கட்டிலைத் தட்டித் தாளம் போட்டபடி என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான். கொஞ்சம் சுருதி விலகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாங்களும் கூப்பிட்டு நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.