வியாழக்கிழமை ஐம்பது நிமிடம்

"என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

செருப்பைக் கழற்றக்கூட விடாமல் வாசலிலேயே மடக்கினாள் மனைவி.

"ஒண்ணும் சொல்லலையே" என்றார் கணவர்.

அவள் முகம் சுண்டிப் போயிற்று. "இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஐம்பது நிமிஷம் மனசு விட்டுப் பேசப் போனவருக்கு என்னைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் அவள். நாளுக்கு நானூறு சட்டைகளைப் புரட்டி, பிசகிய தையலையும் தொங்கும் பொத்தானையும் கண்டுபிடித்து ஒதுக்குவாள். அந்தக் கண்ணுக்கே கணவரின் கோளாறு தாமதமாகத்தான் பட்டது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பியே பத்தொன்பது வருஷம் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தக் கால் இப்போது காலியான சாலையிலும் பிரேக்கை மிதித்தது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மிதித்தது. தூக்கத்தில் மிதித்ததில் அவள் முழங்கால் கன்றிப்போனது. இரண்டு மாணவர்கள் பயந்து வேறு பள்ளிக்கு ஓடிவிட்டார்கள். அவரே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் விசாரித்து, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கும் தெரபிஸ்டைக் கண்டுபிடித்தாள். "நானே பேசி நேரம் வாங்கிக்கறேன்" என்றார் அப்பா. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி என்று முடிவாயிற்று.

இரண்டாவது வியாழன் மனைவி ஒரு தாளை நீட்டினாள். "என் நல்ல குணமெல்லாம் எழுதியிருக்கேன். மறக்காம சொல்லுங்க."

பதினேழு இருந்தன.

திரும்பி வந்தவரிடம், "சொன்னீங்களா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றாள்.

"டாக்டர் இல்லம்மா, தெரபிஸ்ட்" என்று அறைக்குள்ளிருந்து மகள் திருத்தினாள்.

"அங்க பேசினதை வெளிய சொல்லக் கூடாதாம்" என்றார் அவர்.

"அவங்கதானே சொல்லக் கூடாது? நீங்க சொன்னா என்ன?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மேஜைக்கு அடியில் கால் மிதித்தது. அன்றிலிருந்து அவளுக்கும் தூக்கம் போயிற்று. பதினேழில் எதை அந்த அம்மாள் நம்பவில்லையோ!

மூன்றாவது வியாழன் அவள் அழுதேவிட்டாள். "அறிவுரைன்னு ஒரு வார்த்தையாவது சொன்னாங்களா, இல்லையா?"

"அறிவுரை சொல்ல மாட்டாங்க. கேள்விதான் கேப்பாங்க."

"என்ன கேட்டாங்க?"

அவர் மிதிக்கும் காலைக் கையால் அழுத்திப் பிடித்தார். பிறகு, "உங்க பயத்தை உங்க மனைவிகிட்ட சொன்னீங்களான்னு கேட்டாங்க" என்றார்.

"என்ன பயம்?"

அப்போதுதான் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு திருப்பத்தில், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை சாலைக்கு ஓடிவந்தது. அவர் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி தாமதமாயிற்று. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு சிரித்தபடி ஓடிவிட்டது. மாணவர்கூட அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவர் மட்டும் இன்னும் அந்தத் திருப்பத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவள் தன் பதினேழு குணங்களையும் மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தொழிற்சாலையில் அவள் தலை நிமிர்ந்தே நடந்தாள். "எங்க வீட்டுக்காரர் தெரபிக்குப் போறாரு" என்றாள், அவர் ஏதோ பதக்கம் வாங்கப் போவதுபோல.

"ஐயோ, மூளைக்கு ஏதாவது..." என்று இழுத்தாள் பக்கத்து மேஜைக்காரி.

"மூளைக்கெல்லாம் ஒண்ணுமில்லை. அங்க போய் உட்கார்றதுக்கு நெஞ்சுரம் வேணும். உன் வீட்டுக்காரர் போவாரா?"

பெருமை அங்கே நின்றிருந்தால் தேவலை. போனில் நாத்தனாரிடமும் சொல்லிவிட்டாள். அவருடைய அக்கா அடுத்த அரை மணியில் வந்து இறங்கினாள், வழக்கம்போல் முன்னறிவிப்பு இல்லாமல்.

"தம்பி, தூக்கி வளர்த்தவ நான். என்னைப் பத்தி அங்க என்னடா சொன்னே?"

"இன்னும் உன் பேச்சு வரலை அக்கா."

"வரலையா! அவ பேச்சு வந்துச்சு, என் பேச்சு வரலையா?" அக்கா இரண்டு நாள் தங்கி அழுதாள். போகிறபோக்கில் சமையலறை டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி வைத்தாள்.

நான்காவது வியாழன் அவர் அக்காவைப் போனில் கூப்பிட்டார். "அக்கா, உன் பேச்சு வந்தது. 'உங்க அக்கா பாசக்காரங்க, ஆனா வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணா நல்லாயிருக்குமே, இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை'ன்னு கேட்டாங்க."

மனைவி போனுக்குப் பக்கத்தில் காதை நீட்டினாள்.

"படிச்சவங்க கேக்கறாங்க... சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

ஐந்தாவது வாரம் வீட்டில் டி.வி. சத்தம் பாதியானது. இவ்வளவு சத்தம் எதற்கு என்று தெரபிஸ்ட் கேட்டாராம். ஆறாவது வாரம் அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் மாணவி பாலத்தின் மேட்டில் தடுமாறினாள். அவர் கால் அசையவில்லை. "பயப்படாதம்மா, உனக்குத் தெரியும்" என்றார். வண்டி ஏறிவிட்டது. இதை இரவுச் சாப்பாட்டின்போது மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அவள் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

புதன்கிழமை அக்கா முறையாகப் போன் செய்தாள். "இவ்வளவு கெட்டிக்காரியை நான் பார்க்கணும். அடுத்த வாரம் நானும் வரேன்."

அக்கா வருவதற்கு முன்னால் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்கு நானும் உங்ககூட வரேன்."

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. "அதெல்லாம் அவங்களுக்குப் பிடிக்காது."

"நன்றி சொன்னா யாருக்குப் பிடிக்காது?"

"உள்ள ஒருத்தருக்குத்தான் நாற்காலி."

"நின்னுக்கிட்டே சொல்றேன்."

வியாழக்கிழமை, ஊருக்கே வழி காட்டுகிறவர் மூன்று இடத்தில் தப்பாகத் திரும்பினார். ஒருவழியாகக் கண்ணாடிக் கடை வாசலில் காரை நிறுத்தினார். லிஃப்ட் வாசலில், தேர்வுக்கு வந்த மாணவன்போல் அசையாமல் நின்றார்.

"நீ இங்கயே இரு. நான் முதல்ல போறேன்" என்றார்.

அவள் அவருடைய காலரைச் சரிசெய்து, தோளில் இல்லாத நூலை எடுத்துப் போட்டு, முதுகில் லேசாகத் தள்ளினாள். கதவு மூடிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் ஏறின.

பக்கத்தில் வாட்ச்மேனும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"உங்க மூணாவது மாடி அம்மா ரொம்பக் கெட்டிக்காரங்க. ஆறே வாரத்துல எங்க வீட்டுக்காரரைத் தேத்திட்டாங்க!"

வாட்ச்மேன் முகமெல்லாம் பூரிக்கத் திரும்பினார்.

"கெட்டிக்காரர் உங்க வீட்டுக்காரர்தாம்மா! ஆறு வாரமா அந்தக் கார்லயே தனியா உட்கார்ந்திருந்துட்டுத் திரும்பிப் போயிடுவாரு, இன்னிக்குத்தான் மாடி ஏறியிருக்காரு!"