மரவள்ளி நட்ட உறுமல் மண்டோர்

மலாயாவில் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்கள் அத்தனையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், எங்களை மேய்த்து வேலை வாங்கிய உறுமல் மண்டோரைவிட மோசமாக ஆட்களை நடத்திய ஒருவர் அகப்பட மாட்டார். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் மகன் வேலை செய்யும் கம்பெனியில், நிர்வாகம் மாறினால் ஆட்களை எப்படி அனுசரித்துக் கொண்டுபோவது என்று ஓட்டலில் சாப்பாடு போட்டு மூன்று நாள் பாடம் நடத்தினார்களாம். முதலில் விளக்கிச் சொல்ல வேண்டுமாம், பிறகு காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். எங்கள் மண்டோர் விளக்கியதும் இல்லை, கேட்டதும் இல்லை. உறுமுவார், அவ்வளவுதான்.

எங்கள் தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடிவிட்டார். முந்நூறு பேர் வேலை செய்த இடத்தில் 'போய் வருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்து வந்தவர் ஜப்பான்காரர். முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்ததால் அவருக்குச் சப்பாத்துத் துரை என்று பெயர் வைத்தோம். வந்த அன்றே கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். இனிமேல் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்கு முன் எல்லாரும் அவர்கள் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்து இடுப்பை வளைத்து வணங்க வேண்டும் என்றார்.

வணங்கச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு மண்டோருக்கு. அவர் எங்களை வரிசையில் நிறுத்திவிட்டு உறுமினார்.

"குனிங்கடா! என்னா, இடுப்புல ஆப்பு அடிச்சிருக்கா? மரத்துல அடிவெட்டு வெட்டக் குனிவீங்கல்ல, அப்படிக் குனிங்க!"

பால் வெட்டுகிறவர்களிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அடிவெட்டு என்றால் மரத்தின் அடிப்பக்கம் போடும் கோடு. அதற்கு யாரும் நேராகக் குனிய மாட்டார்கள். இடது தோளைச் சாய்த்து, வலது கையில் உளியை இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் நகர வேண்டும். மறுநாள் பெரட்டில் முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் தோளைச் சாய்த்து, இல்லாத உளியை இழுத்துக்கொண்டு, இரண்டடி நகர்ந்து கும்பிட்டோம். சப்பாத்துத் துரை விட்ட அறையில் மண்டோரின் தலைப்பாகை, கணக்கு எழுதும் கிராணியின் காலடியில் போய் விழுந்தது. எனக்கு ஒரு வாரத்துக்குச் சந்தோஷம்.

சண்டைக் காலத்தில் கித்தாவை, அதாவது ரப்பரை, வாங்க ஆள் இல்லை. அதனால் ஒரு குன்றின் மரங்களைச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார் துரை. நாங்களோ பிறந்ததிலிருந்து நிரை பிடித்து மரம் மரமாக நடந்தவர்கள். எங்கள் கால்களுக்குத் தெரிந்த இடைவெளி கித்தா மரத்தின் இடைவெளிதான். ஆளுக்கொரு நிரையாகப் போய், ஏழு காலடி வைத்து ஒரு மரவள்ளிக் குச்சி, ஏழு காலடி வைத்து ஒரு குச்சி என்று ஊன்றிக்கொண்டே போனோம். சாயங்காலம் பார்த்தால் குன்று மொட்டையாகத்தான் இருந்தது.

மண்டோர் ஆடித் தீர்த்துவிட்டார். "அறிவு கெட்ட சனங்களா! மரவள்ளி நட்டீங்களா, கொடிக்கம்பம் நட்டீங்களா?"

"இன்னும் ரெண்டே நாளுலா மண்டோரே, இடையில ஊனி முடிச்சிடுறோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

மண்டோர் அவரை முறைத்தார். குன்றை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "ஒருத்தனும் முடிக்கக் கூடாது! ஒரு நாளைக்கு ரெண்டு நிரை. அதுக்கு மேல ஒரு குச்சி ஊனுனா கைய ஒடிச்சிடுவேன்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. லயத்தில் அரிசி கண்ணில் பட்டு மாதமாகிவிட்டது. சீக்கிரம் நட்டால் சீக்கிரம் கிழங்கு. இந்த மனிதரோ காலையில் நட்டதைச் சாயங்காலம் பிடுங்கி, "கோணலா இருக்கு, மறுபடி நடு" என்றார். எங்களை வதைப்பதில் அவருக்கு ஏதோ சுகம் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரிகள் வர ஆரம்பித்தன. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். லாரிச் சத்தம் கேட்டாலே என் வீட்டுக்காரரின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு காலைப் பெரட்டில் லாரி எங்கள் தோட்டத்துக்கே வந்தது. ஆண்களை வரிசையில் நிறுத்தி, தோட்ட வேலைக்குப் போக மீதி ஆள் எத்தனை பேர் என்று துரை மலாயில் கேட்டார்.

"ஓராங் தா சுக்கூப், துவான்! இருக்கிற ஆளே போதலை! குன்றில் பாதிகூட நட்டு முடியவில்லை" என்று மண்டோரும் மலாயிலேயே கத்தினார். பிறகு என் வீட்டுக்காரரின் கழுத்தைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இதோ பாருங்கள், இது ஒரு நோஞ்சான். லாரி சிரம்பான் போகுமுன் செத்துவிடும். இதையெல்லாம் வைத்து மாரடிக்கிறேன்!"

என் புருஷனா நோஞ்சான்? பால் வாளி இரண்டையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடுகிற மனுஷன். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"யாரைப் பாத்து நோஞ்சான்ங்கிற? எம் புருசன் ஒத்த ஆளா நாலு ஆளு வேலை செய்வாரு! தெரியுமா உனக்கு?"

துரை என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

மண்டோரின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு நொடிதான். "புருஷன் ராத்திரியெல்லாம் ரத்தமாக இருமுகிறானாம், துவான். மருந்து கேட்டு அழுகிறாள்" என்றார். துரை மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு அடி பின்னால் போனார்.

நான் மறுபடியும் வாயைத் திறக்கப் போனேன். பக்கத்திலிருந்த கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "வாய மூடு தங்கச்சி! பக்கத்துத் தோட்டத்துல நட்டு முடிச்சாச்சு. ஆளு மிச்சம்னு நேத்து அத்தனை பேரையும் ஏத்திட்டானுங்க. மண்டோரு ஏன் முடிக்க விடலேன்னு இப்பவாவது புரியுதா?"

புரிந்தது. எங்களிடம் சொன்னால் லயம் முழுக்கப் பரவி, துரை காதுக்கும் போயிருக்கும் என்று பயந்திருப்பார். என் வாய்க்கு அந்தப் பயம் நியாயம்தான்.

துரை லாரியை வெறுமனே திருப்பி அனுப்ப மனமில்லாமல் மண்டோரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த உதவாக்கரைகளையே வேலை வாங்குகிறாய். சயாமில் உன்னைப் போன்ற ஆள்தான் வேண்டும். ஏறு" என்றார். நாசமாய்ப் போகிறவன், அப்படித்தான் சொன்னான். மண்டோர் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். லாரி நகர்ந்ததும் எங்களைப் பார்த்து உறுமினார்.

"என்னா வேடிக்கை? போய் ரெண்டு நிரை நடுங்க!"

அவர் திரும்பி வரவில்லை.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு நாற்பது வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் மண்டோரை மனத்துக்குள் திட்டுவேன். பாவி மனுஷா, என் காதில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவித்த கிழங்கில் ஒன்றாவது உன் கையில் கொடுத்திருப்பேனே.