பெண் பார்க்கப் போய் இரண்டு முறை வணக்கம் சொன்னவன்

தூக்கக் கலக்கத்தில் மனிதன் செய்யக் கூடாத காரியங்களில் முதலாவது, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பது. அன்றைக்கு நான் பேசாமல் உட்கார்ந்தே இருந்திருந்தால், காபியைக் கொட்டிய மாப்பிள்ளை என்ற சின்னக் கெட்ட பெயரோடு போயிருக்கும். எழுந்தேன். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

2010-இல் நடந்தது இது. செம்மண்டலத்தில் வீடு, கடலூருக்கு வெளியே ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் சண்டைப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் தேடித் தேடிப் பார்ப்பேன். அதில் ஒன்று என் உயிர். கதாநாயகன் ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டும். பாதியிலேயே சுட்டுவிடுவார்கள், செத்துப்போவான். கண் விழித்தால் அதே காலை, அதே தண்ணீர்த் தொட்டி, அதே சொறிநாய். போன தடவை குண்டு எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் வைத்துக் குனிவான். அடுத்த குண்டு வேறு பக்கத்திலிருந்து வரும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவது மாதிரியேதான். தப்பு செய்யலாம், செத்துக்கூடப் போகலாம், காலையிலிருந்து மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி இருந்தது. (நமக்கெல்லாம் ஒரு பஸ்ஸ விட்டாலே அன்னைக்குப் பொழுது போச்சு.)

அந்த நேரத்தில்தான் சிதம்பரத்திலிருந்து ரேவதியின் போட்டோ வந்தது. போட்டோகிராபர் 'சிரிக்காதம்மா' என்று சொல்லி, அதனாலேயே சிரிப்பு வந்து, அதை உதட்டில் அடக்கிக்கொண்டு நிற்கிற முகம். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பெண் இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் நான் வாயைத் திறந்ததும் கைவிட்டுப் போயிருந்தன. அதனால் அம்மாவின் கட்டளை ஒன்றுதான்: 'அங்க வந்து நீ ஒண்ணும் பேசாத. தாமோதரன் மாமா பேசுவாரு.'

தாமோதரன் மாமா, அம்மாவின் அண்ணன். சகுனம் பார்ப்பதில் புலி. அந்த ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, கண் எரிச்சலோடு வாடகைக் காரை நோக்கி நடந்தேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்க, குடும்பத்தோட கெளம்பிட்டீங்க?"

கிளம்பும்போது 'எங்க' என்று கேட்டால் போன காரியம் விளங்காது என்பது மாமாவின் சட்டம். எல்லாரும் உள்ளே திரும்பினோம். உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தோம். அப்படிச் செய்தால் முன்னால் நடந்தது கணக்கில் வராது, பயணம் புதிதாகத் தொடங்கும். அரைத் தூக்கத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் டிவிடி வாடகைக்கு எடுத்துப் பார்த்த விஷயம் எங்கள் வீட்டுச் சொம்பிலேயே இருந்திருக்கிறது.

இரண்டாம் முறை நான் உஷார். எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், "சார், உள்ள உங்களுக்கு போன் அடிக்குது" என்றேன். போனார். குண்டுக்குக் குனிந்துவிட்ட பெருமிதத்தோடு காரில் ஏறப் போனால், மாமாவே ஒற்றைத் தும்மல் போட்டார். அவரே தலையைக் குனிந்துகொண்டு முதல் ஆளாக உள்ளே போனார். மறுபடி உட்கார்ந்தோம். மறுபடி தண்ணீர்.

மூன்றாம் முறை கார் நகர்ந்தது. வயல்கள் மிதந்து மிதந்து பின்னால் போயின. ஆலப்பாக்கத்தை இரண்டு முறை கடந்ததாக எனக்கு ஞாபகம். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் சீட்டில் நன்றாகக் குனிந்துகொண்டேன். அம்மா என் சட்டைக் காலரை இழுத்து நிமிர்த்தினாள்.

சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால் அவர்கள் வீடு. வணக்கம் சொன்னேன், உட்கார்ந்தேன், கேசரி தின்றேன். ரேவதியின் அப்பாவும் மாமாவும் வெள்ளாற்றில் தண்ணீர் வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே ஃபேன் சுற்றியது. வயிற்றில் கேசரி. அந்தத் தண்ணீர்ச் சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்க ஆரம்பித்தது.

யாரோ தோளை இடித்தார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே பட்டுப்புடவை, காபித் தட்டு, போட்டோவில் பார்த்த அதே முகம். அந்த முகத்தைப் பார்த்து நான் முதன்முதலாகப் பேசிய வார்த்தை இது:

"பாலத்தத் தாண்டிட்டமா?"

கேட்டதோடு நிற்காமல் கையையும் வீசியிருக்கிறேன். தட்டு கவிழ்ந்தது. அத்தனை காபியும் அவள் அப்பாவின் வேட்டியில்.

அதற்குப் பிறகு என் உடம்பு தானாக வேலை செய்தது. எழுந்தேன். வெளியே போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு, தெருக்குழாயில் ஒரு வாய் தண்ணீர் குடித்து, வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கை கூப்பி, முகம் மலர, "வணக்கம்" என்றேன்.

அப்போதுதான் எனக்கு முழுசாகத் தூக்கம் கலைந்தது. வேட்டியில் காபி அப்படியே இருந்தது.

மாமா தொண்டையைச் செருமினார். "சகுனம் தப்பாச்சுன்னா எங்க வூட்ல இப்படித்தாங்க. திரும்பப் போயி வருவோம்."

"வந்து உக்காந்து கேசரி சாப்ட்டப்புறமுமா?" என்றார் ரேவதியின் அப்பா.

"காபி கொட்டுறதுன்னா கொஞ்சம் ஜாஸ்தி தோஷங்க."

அவர் துண்டால் வேட்டியைத் துடைத்துக்கொண்டே, "சரிங்க. நாங்க கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்" என்றார். அந்தத் தொனியை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரேவதியின் போட்டோவை அம்மாவிடமிருந்து திருப்பி வாங்கிவிடுவார்களே என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.

அப்போது உள்ளேயிருந்து கொலுசுச் சத்தம். ரேவதி புதுக் காபியோடு வந்தாள். முதல் தடவை போலவே தலை குனிந்து, அதே மெதுவான நடை. முன்னால் எதுவுமே நடக்காத மாதிரி. என்னிடம் வந்ததும் தட்டை நீட்டாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"இன்னும் எத்தன உயிரு பாக்கி இருக்கு?"

"இதான் கடைசி."

போட்டோவில் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. வீட்டில் தம்பியோடு சேர்ந்து ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவள் அவள் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது, மகள் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவர் யாரிடம் கலந்து பேசுவார்?

கல்யாண மேடையில் ஐயர் தாலியை எடுத்துக் கையில் கொடுக்கும்போதே ரேவதியின் தம்பி என் காதில் கேட்டான், "மாமா, ஒருவாட்டி வெளிய போயிட்டு வரீங்களா?" இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும். என் மகள் ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, வாசல் கதவைத் திறந்துவிடுவாள். நான் குடித்துவிட்டு, படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, உள்ளே வந்து வணக்கம் சொல்வேன். ரேவதி காபி கொண்டுவருவாள். டம்ளரில் முக்கால்வாசிதான் இருக்கும்.