அகலத் திரையில் ஏஞ்சலின்

நாகல் நகர், திண்டுக்கல்
ஏப்ரல் 2008

மிகுந்த மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளை ஜெரோம் அவர்களுக்கு,

மாமனார் ராயப்பராஜ் எழுதிக்கொண்டது. சேசுவின் திரு இருதயத்தின் தயவால், கரண்ட் இருக்கும் வேளையில் நானும் தங்கள் அத்தை ரோஸ்மேரியும் நலமாகவும், கரண்ட் போன வேளையில் விசிறியும் கையுமாக ஒருவாறு நலமாகவும் இருக்கிறோம். அங்கே அமெரிக்காவில் தாங்களும், எங்கள் மகள் ஏஞ்சலினும், தாங்கள் இருவரும் எங்களிடம் இன்னும் சொல்லாத அந்த மூன்றாவது ஆளும் பூரண சுகத்தோடு இருக்க அன்றாடம் செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம்.

மூன்றாவது ஆள் என்றதும் திடுக்கிட வேண்டாம். எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சொன்னது மனிதர் யாருமில்லை, தாங்கள் அனுப்பிய டிஸ்க்தான். ஆனால் முதலில் இந்த டிவி வந்த கதையை எழுதினால்தான் நாங்கள் என்ன பாடுபட்டு இந்த உண்மையைக் கண்டுபிடித்தோம் என்பது தங்களுக்கு விளங்கும்.

போன கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் போன் போட்டு, “விசா சிக்கல் தீரல மாமா, இப்பக் கெளம்புனா திரும்ப உள்ள விட மாட்டாங்க, இந்தத் தடவையும் வர முடியாது” என்று சொன்னீர்கள். தங்கள் அத்தை முறுக்கு மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமாகிப் போன பிள்ளை. அவள் இல்லாமல் அது மூன்றாவது கிறிஸ்துமஸ். தாங்களும் அதை உணர்ந்துதான், “வீடு, பனி, ஏஞ்சலின் எல்லாத்தையும் ஹை டெபனிஷன்ல எடுத்து அனுப்புறேன் மாமா, பிளேயரும் சேத்து அனுப்புறேன், நல்ல டிவி மட்டும் ஒண்ணு வாங்கி வைங்க, நேர்ல பாத்த மாதிரியே இருக்கும்” என்றீர்கள். நேரில் பார்த்த மாதிரி என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அழகுராஜா கடைக்குப் போனோம். எல்சிடியா பிளாஸ்மாவா, ஹெச்.டி. ரெடியா புல் ஹெச்.டியா என்று அவர் கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. தெருவெல்லாம் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கள் அத்தை ஒரே கேள்விதான் கேட்டாள். “இதுல எதுல எம் மக தெளிவாத் தெரிவா?” அழகுராஜா சற்றும் யோசிக்காமல், “புல் ஹெச்.டில மொகத்துல இருக்க மச்சம் வரைக்கும் தெரியும்மா” என்றார். ஏஞ்சலினுக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். அதோடு எங்கள் பேரம் முடிந்துபோயிற்று.

டிவி பெரிது. எங்கள் முன்னறையில் அதைத் தாங்கும் சுவர் ஒன்றே ஒன்று, திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்கிற சுவர். “ஆண்டவர நகட்டக் கூடாது” என்று அவளும், “அப்ப டிவியத் தலையிலயா வச்சுக்கிறது?” என்று நானுமாக ஒரு நாள் முழுக்க நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில் ஆண்டவர் கொஞ்சம் மேலே ஏறினார், டிவி அவருக்குக் கீழே வந்தது. இப்போது சாயங்காலச் செபத்துக்கு முழங்கால் போட்டால் நேரே டிவிக்கு முன்னால்தான். ராயப்பராஜ் சார் புது டிவிக்கு ஆராதனை நடத்துகிறார் என்று தெருவில் பேசிக்கொள்வதாகப் பக்கத்து வீட்டு பாத்திமா டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கேபிளில் செய்தி வாசிக்கிற பெண்கூட இந்த டிவியில் கொழுகொழுவென்று தெரிந்தாள். கொடுத்த விலைக்கு எல்லாரும் செழிப்பாகத்தான் தெரிகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்து தங்கள் பிளேயர் வந்தது. நான் மின்சார ஆபீசில் பில் பிரிவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். எந்த வீட்டு மீட்டர் எப்படி ஓடும் என்று கேளுங்கள், சொல்வேன். ஆனால் அமெரிக்க மிஷினுக்கு நம் கரண்ட்டில் பாதிதான் ஆகாரம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. (பெட்டியின் பின்பக்கம் எழுதித்தான் இருந்தது. பிற்பாடு படித்தேன்.) சுவிட்சைப் போட்டேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், குபுக்கென்று ஒரு புகை. திரு இருதயப் படத்துக்குக் கீழிருந்து புகை எழும்பியதால் தங்கள் அத்தை செத்த நேரம் அதைச் சாம்பிராணி என்றே எண்ணிச் சிலுவை போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை ஆசையாக அனுப்பிய சாமானைக் கருக்கிவிட்டு மாமனார் எந்த முகத்தோடு பேசுவது? அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போனில் “பிக்சர் எப்படி மாமா?” என்று கேட்டபோது “பிரமாதம் மாப்பிள்ளை” என்றேன். “சவுண்டு?” என்றீர்கள். “சத்தம் நல்லாக் கேட்டுச்சு” என்றேன். அதில் பொய் இல்லை.

சரி, வேறொரு பிளேயர் வாங்கிவிடலாம் என்று டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அழகுராஜாவிடம் போனால் அவர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “சார், இதுல ரெண்டு கோஷ்டி. ஒண்ணு புளூரே, இன்னொண்ணு ஹெச்.டி. டிவிடி. ரெண்டு பேரும் இம்புட்டு நாளா மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாய்ங்க. உங்க மருமகன் புடிச்சது ரெண்டாவது கோஷ்டி. அது போன மாசந்தான் தோத்துப் போச்சு. இனி அந்த மிஷினே செய்ய மாட்டோம்னு சொல்லிப்புட்டாய்ங்க.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. பங்குத் திருவிழாவில் சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று இரண்டு தெருக்காரர்கள் முறைத்துக்கொண்டால்கூட ஃபாதர் வந்து பேசி முடித்து வைக்கிறார். இத்தனை பெரிய கம்பெனிகளுக்குச் சொல்ல ஒரு நல்ல மனுஷன் கிடைக்கவில்லையா? தங்கள் தேர்வில் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம் மாப்பிள்ளை. தங்கள் தேர்வு சரிதான், கோஷ்டிதான் சரியில்லை. ஜெயித்த கோஷ்டியின் மிஷின் ஒன்று மதுரையிலிருந்து கடைக்கு வந்திருந்தது. “எடுக்காது சார்” என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் டிஸ்க்கைப் போடச் சொன்னேன். உள்ளே இழுத்தது, முனகியது, கொஞ்ச நேரம் யோசித்தது, வெளியே தள்ளிவிட்டது. உங்கள் அத்தை அந்த டிஸ்க்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்குள்ளதானங்க இருக்கா?” என்றாள். கடையில் அத்தனை டிவி ஓடிக்கொண்டிருந்தது, எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கடைசியில் நம் நாகல் நகரிலேயே கல்யாண வீடியோ கோர்த்துக் கொடுக்கும் ஃபாரிஸ்தான் கைகொடுத்தார். “வீட்டு கம்ப்யூட்டர்ல எழுதுன டிஸ்க்குதான் பாய் இது, நம்ம கம்ப்யூட்டர்ல தெறந்துரும். பழைய டிவி அளவுக்கு ரெண்டு ஓரத்தையும் வெட்டி, சாதா டிஸ்க்கா மாத்தித் தாரேன். ஆனா அந்த ஹை டெபனிஷன் இருக்காது, பரவால்லையா?” என்றார். (அவருக்கு எல்லாரும் பாய்தான்.) “ஆளு தெரிஞ்சாப் போதும்யா” என்றேன். இப்படியாக மாப்பிள்ளை, உலகத்திலேயே தெளிவான டிவியில், எங்கள் பழைய டிவிடி பிளேயரில், சாதா டிஸ்க்கில் தங்கள் வீட்டைப் பார்க்க உட்கார்ந்தோம். பாத்திமா டீச்சரும் வந்திருந்தார். தங்கள் கார் வந்ததும் கரண்ட் போயிற்று. கரண்ட் வந்து திரும்ப முதலிலிருந்து போட்டோம். பனி வந்ததும் போயிற்று. மறுநாள்தான் வீட்டுக்குள்ளேயே நுழைய முடிந்தது. அடேயப்பா, அங்கே எல்லாம் என்ன அகலம்! கார் அம்புட்டு நீளம், ஃப்ரிட்ஜ் எங்கள் பீரோ இரண்டைச் சேர்த்து நிறுத்தியது போல. தாங்கள் செய்து வைத்த பனி மனிதன்கூட வேளாவேளைக்குச் சாப்பிட்ட ஆளாகத் தெரிந்தான். தங்களுக்கும் பூசினாற்போல் இருந்தது. செழிப்பான நாடு அப்படித்தான் இருக்கும் என்று டீச்சர் விளக்கம் சொன்னார்.

பிறகு ஏஞ்சலின் வந்தாள். சமையலறையில் இட்லித் தட்டைத் தூக்கிக் காட்டி, “அம்மா, இந்தா பாத்துக்க, அமெரிக்கா இட்லி!” என்று சிரித்தாள். உங்கள் அத்தை டிவியைப் பார்த்து, “என்னடி இட்லி நீளுது, மாவு தண்ணியாயிருச்சா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்துபோய் திரையில் மகளுடைய கன்னத்தில் கை வைத்தாள். திரையைத் தொடவே கூடாது என்று அழகுராஜா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அவள் கையில் இருந்த எண்ணெய்க் கறை இப்போதும் அங்கேதான் இருக்கிறது, நான் துடைக்கவில்லை. கை வைத்தவள் உற்றுப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. இடுப்பும் அகன்றிருந்தது. திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் இவளைப் பார்த்தார். “இது எடுக்கையில மூணு முடிஞ்சிருக்கும் ரோஸ்மேரி” என்றார் டீச்சர். உடனே ஆண்பிள்ளையான என்னை வாசலில் போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

போனில் கேட்காமல் இல்லை. “ஏத்தா, ஒடம்பு எப்படி இருக்கு?” “நல்லாருக்கும்மா.” “வாந்தி கீந்தி?” “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்று சிரித்தாளாம். சிரித்தாள் அல்லவா, அதுவே ஆதாரம் என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. ஏஞ்சலின் படித்த அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. பரணிலிருந்து தொட்டில் இறங்கிவிட்டது. நெய்க்காரப்பட்டியிலிருந்து அத்தையின் தங்கை நாட்டுச் சர்க்கரை அனுப்பிவிட்டாள். கோயில் வாசலில் மாதா நிற்கிற கெபிக்கு நேர்ச்சை வைத்தாயிற்று. பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு, “தாத்தா ஆகப் போறீகளாம்ல?” என்று கையைப் பிடிக்கிறார்கள். இப்போதே இதையெல்லாம் பேச வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. உள்ளதைச் சொன்னால், ராத்திரி படுத்தால் அந்தத் தொட்டிலைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தின் காரியம் இதுதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. மாதம் ஏறினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்கிறார் டீச்சர். விசா ஆபீசர் வீட்டிலும் அம்மா என்று ஒருத்தி இருப்பாள், நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். எப்படியாவது அவளை எங்களிடம் அனுப்பி வையுங்கள்.

தங்கள் இருவர் நெற்றியிலும், அந்த மூன்றாவது ஆளின் நெற்றி இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலும், இங்கிருந்தே சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதிக்கும்,

மாமனார் ராயப்பராஜ்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தோடு பருப்புப் பொடியும் அனுப்ப வேண்டும், பொடி ஈரம் காயட்டும் என்று பார்சல் சில நாள் காத்திருந்தது. நேற்று உங்கள் அத்தை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அதுதான் ஓடுகிறது. தூசி படிந்த ரிமோட்டை எடுத்து முந்தானையால் துடைத்திருக்கிறாள். “ஏங்க! எம் பிள்ள உருகிப் போயிட்டாங்க!” என்று ஒரே அலறல். ஓடிப் போய்ப் பார்த்தேன். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்திருந்தது, நடுவில் ஏஞ்சலின் ஒடிசலாக நின்றாள். பட்டனை அமுக்கினேன், படம் இரண்டு பக்கமும் இழுபட்டுத் திரையை நிறைத்தது, அவள் பூசினாள். மறுபடி அமுக்கினேன், இளைத்தாள். இதில் எது நிஜம் என்று தெரியாமல் இரண்டு பேரும் விழித்தோம். அப்போது இட்லித் தட்டு வந்தது. அது நாங்கள் வாங்கிக் கொடுத்துவிட்ட தட்டு, அதன் குழி வட்டம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் பூசியிருந்தால் இட்லி நீளமாக இருக்கிறது. அவள் இளைத்தால் இட்லி வட்டமாகிவிடுகிறது. இட்லி வட்டம் என்றால் எங்கள் மகள் இளைத்தவள்தான்.

ஆகவே மூன்றாவது ஆளைப் பற்றி மேலே எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் உடம்பைப் பற்றி எழுதியதையும்தான். நேர்ச்சையைப் பற்றி மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், பாத்திமா டீச்சரிடம் பேசுவதுதான் எப்படி என்று தெரியவில்லை.

ஆனால் மாப்பிள்ளை, அவளுக்குக் கழுத்தெலும்பு தெரிகிறது. இங்கிருந்து போகையில் தெரியாது. உங்கள் அத்தை அதைப் பார்த்துவிட்டு ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். அப்புறம், “பழையபடி ஆக்கி விடுங்க” என்றாள். “அது நெசமில்ல ரோஸ்மேரி” என்றேன். “இருக்கட்டுங்க. எனக்கு அவ நல்லாச் சாப்புட்டவளா இருக்கட்டும்” என்றாள். ஆக்கி விட்டேன். இப்போது அந்த அகலமான ஏஞ்சலினுக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்துதான் உங்கள் அத்தை சாப்பிடுகிறாள். அவள் காலைப் பூசைக்குப் போனதும் நான் அந்தப் பட்டனை அமுக்கி, உள்ளபடியே இருக்கிற என் மகளைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். அவள் திரும்பி வருவதற்குள் பழையபடி அகலமாக்கி வைத்துவிடுகிறேன்.

ஆளுக்கு ஓர் ஏஞ்சலினை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் மாப்பிள்ளை. கடிதத்தில் வேறு எதை வேண்டுமானாலும் அடித்துவிடுங்கள். அவளை அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிற வரியை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுங்கள்.