திடீர்ச் சோதனை

அதிகாரி அம்மா வீடு பார்க்க வருவதற்கு முந்தின நாள் நான் ஒரு முடிவெடுத்தேன். உலகத்திலேயே சிறந்த கணவனாக மாறிவிடுவது. ஒரே ஒரு நாளைக்கு.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு நாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்க நாங்கள் எழுதிப் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் பதினேழு சான்றிதழ் சேர்த்திருந்தோம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கொடுக்கும் காகிதம் ஆறு மாதம் செல்லும். திருடன் இல்லை என்று போலீஸ் கொடுக்கும் காகிதம் மூன்று மாதம். ஒன்று வந்து சேரும்போது இன்னொன்று காலாவதி ஆகிவிடும். ஆக, நான் ஆரோக்கியமாக இருந்தபோது திருடனாக இருந்தேன், யோக்கியனானபோது நோயாளி. குளியலறையைக்கூடப் படம் பிடித்து அனுப்பினோம். 'உங்களுக்கு ஏன் குழந்தை வேண்டும்?' என்று இருநூறு வார்த்தையில் எழுதினோம். தானாகப் பெற்றுக்கொள்கிறவர்களிடம் இதைக் கேட்டிருந்தால் பாதி உலகம் பிறந்தே இருக்காது.

அதிகாரி அம்மா வந்தார். என் மனைவியைப் படுக்கையறையில் தனியாக உட்காரவைத்துவிட்டு என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டார்.

"காலையில யார் முதல்ல எழுந்திருப்பீங்க?"

"நான்தான் மேடம். அஞ்சு மணிக்கு."

"சமையல்?"

"நான்தான்."

"துணி துவைக்கிறது?"

"வேற யாரையும் தொட விடமாட்டேன் மேடம்."

"கோபம் வருமா?"

"கோபமா? அப்படின்னா?"

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு மனைவியிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் புறப்பட்டார்.

கதவைச் சாத்தியதும் கேட்டேன். "நீ என்ன சொன்னே?"

"நீங்க சொன்னதையேதான் சொன்னேன்."

"நான் சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"நடுவுல ஒரு சுவர்தானே? உங்க குரல் டிப்போ வரைக்கும் கேக்கும்."

அவள் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். இரண்டு நிமிஷம் பிந்திவந்த டிரைவர்கள் அவளைக் கண்டால் பஸ்ஸுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள்.

நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். "அப்பாடா! முடிஞ்சுது. ஒரு டீ போடு."

"முடியலைங்க. சொன்னதெல்லாம் நிஜமான்னு பாக்கத் திடீர்னு வருவாங்களாம். சொல்லாம கொள்ளாம. எந்த நேரமும்."

நீட்டிய கால் தானாக மடங்கியது. டீ நான்தான் போட்டேன்.

அன்றிலிருந்து ஐந்து மணிக்கு அலாரம். முதல் வாரம் முட்டை கரிந்தது. இரண்டாம் வாரம் சட்டி கரிந்தது. மூன்றாம் வாரம் அவளுடைய வெள்ளைச் சீருடையை என் சிவப்புத் துண்டோடு ஊறவைத்து, டிப்போவுக்கு ரோஜா நிறத்தில் அனுப்பிவைத்தேன். வாசல் மணி அடித்தால் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பால்காரர், மின்சாரக் கணக்கெடுப்பவர், தப்பான வீட்டுக்கு வந்த பிளம்பர், எல்லாரும் என்னைக் கரண்டியோடுதான் பார்த்தார்கள். பிளம்பர் இன்றைக்கும் என்னைச் "சமையல்கார அண்ணே" என்கிறார்.

அவள் ஜன்னலோரம் பேப்பர் படிப்பாள். நான் கொஞ்சம் சாய்ந்தால் போதும். "ஏங்க, கீழே ஏதோ ஆட்டோ நிக்குது போலிருக்கே…"

எழுந்துவிடுவேன்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை அவங்க ஆபீஸ் லீவுதானே?"

"திடீர்னு வர்றவங்க லீவு பாத்தா வருவாங்க?"

நியாயமாகத்தான் பட்டது.

குழந்தைக்கு வயது இரண்டிலிருந்து ஐந்துக்குள் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அவள் மூன்று வெவ்வேறு அளவில் மூன்று ஜோடிச் செருப்பு வாங்கி வைத்திருந்தாள். ஒரு வருஷம் தாண்டிய பிறகு ஒருநாள், இனி இது பத்தாது என்று சின்ன ஜோடியை எடுத்து எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, கண் சிவந்து வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெங்காயம் நறுக்கியதுதான் காரணம் என்று சொல்லியிருக்க முடியாது. வெங்காயம் நறுக்குவதும் நான்தானே!

நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் கடைக்கு அதிகாரி அம்மா வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை என்னுடையது. ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்த்துக் கொடுக்கிறவன் நான். என் வீட்டில் நடப்பதுதான் மங்கல். அவரைப் பார்த்ததும், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவருக்குப் பிளஸ்ஸுக்குப் பதில் மைனஸ் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

"மேடம், நேத்துதான் திரைச்சீலை துவைச்சேன். தாராளமா வாங்க."

"எங்கே?"

"வீட்டுக்கு. அதான், திடீர்னு வருவீங்களே."

"நாங்க திடீர்னெல்லாம் வரமாட்டோமே சார். சொல்லிட்டு வரவேண்டிய வீடே இன்னும் அறுபது பாக்கி."

கையில் கிடைத்த ஒரு கண்ணாடியை நானே மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்தபடி சொன்னார்: "அதை விடுங்க. குழந்தை அமைஞ்சிருக்கு. பொண்ணு, நாலு வயசு. இன்னிக்கு ஆறு மணிக்கே வீடியோ கால். அவளுக்கு உங்களைப் பிடிச்சாத்தான் மேற்கொண்டு நகரும். இப்பதான் உங்க வீட்டம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்."

சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா? இரண்டையும் செய்வது என்று தீர்மானித்து ஓடினேன்.

"பதினாலு மாசம்! பதினாலு மாசமா என்னை ஏமாத்திட்டே!"

"பதினஞ்சு," என்றாள் டைம் கீப்பர்.

"ஏன் பொய் சொன்னே?"

"நானா? பொய்யைச் சொல்லிக் கீழே கையெழுத்தும் போட்டது யாருங்க? அது வெளியே தெரிஞ்சா ஃபைலைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அதான், அத்தனையையும் உண்மையாக்கிட்டேன். உங்களைத் திருத்தப் பதினஞ்சு மாசம் ஆச்சு. நல்லவேளை, அவங்களுக்கும் காகிதம் நகர்த்த அவ்வளவு நாள் ஆச்சு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா? மேஜையைத் தட்டினேன். "நாளையிலிருந்து எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எழுந்திரிக்கமாட்டேன்! இது சத்தியம்!"

"சரிங்க," என்றாள்.

போன் அடித்தது.

திரையில் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் எங்கள் மொழி தெரிந்த ஒருவர். அவர் முதுகுக்குப் பின்னால் பாதி முகம், ஒரு கண். அந்த ஒரு கண் எங்கள் இரண்டு பேரையும் வெகுநேரம் பார்த்தது. பிறகு அவர் காதில் என்னவோ சொன்னது.

"பாப்பாவுக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றார் அவர். "இவ எல்லாருக்கும் முன்னாடி முழிச்சிடுவா. தனியா உக்காந்திருக்கப் பிடிக்காதாம். உங்க வீட்டுல அஞ்சு மணிக்கு யார் முழிச்சிருப்பாங்கன்னு கேக்கறா."

என் சத்தியத்துக்கு வயது இரண்டு நிமிஷம்.

கை மேலே போனது. அவர் முதுகை விட்டுக் குழந்தையின் முழு முகமும் வெளியே வந்து, என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். நானாகத்தான் கை தூக்கினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் என் முழங்கைக்குக் கீழே, கேமராவுக்குத் தெரியாமல், இன்னொரு கை இருந்தது.