நிறுத்தத்தை நிறுத்தப் போனவன்

பேருந்து நிறுத்தம் ஒழிய வேண்டும். அது ஒழிவதற்கு நான்தான் காரணம் என்று என் மனைவிக்குத் தெரியக் கூடாது. இந்த இரண்டு தீர்மானங்களையும் ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே எடுத்தேன். முதலாவதைவிட இரண்டாவது கடினம் என்று, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமான எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நிறுத்தம் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் வெளியே இருந்தது. கையை நீட்டினால் பயணியின் தலை தட்டுப்படும். ஒரு கம்பம், ஒரு தகரக் கூரை, நாலு பேர் நெருக்கி உட்கார ஒரு பெஞ்சு. முதல் பேருந்து ஐந்தரைக்கு வந்து, எனக்காகவே வந்தது போல் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். அதற்குக் கால் மணி முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள், போனில் பேசுவார்கள். யாருடைய மேலாளர் சரியில்லை, யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யாருக்கு மூல வியாதி என்பதெல்லாம் எனக்குக் கண்ணைத் திறக்காமலே தெரியும்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் தொழில். தூக்கம் கெட்டால் கை நடுங்கும். கை நடுங்கினால் ஊரில் ஒருவருக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஆகவே என் தூக்கம் பொதுநலம் சார்ந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் நகரசபைக்காரர்கள் கம்பத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த நிறுத்தத்தைப் பராமரிக்க ஆள் இல்லை. குப்பை சேர்வதாகப் புகார் இருக்கிறது. அடுத்த நிறுத்தம் எழுநூறு மீட்டரில் இருப்பதால் இதை நீக்க உத்தேசம். ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் மனு கொடுக்கலாம்; மனு கொடுப்பவர் சபைக் கூட்டத்தில் நேரில் விசாரிக்கப்படுவார்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். அரசாங்கத் தமிழ் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே தெருக்காரர்கள் பதினைந்து பேர் எங்கள் கூடத்தில் கூடிவிட்டார்கள். கூட்டியது என் மனைவி. அவள் பெரிய ஆஸ்பத்திரியில், சிறுநீரகப் பிரிவின் பதிவு மேசையில் வேலை பார்க்கிறாள். அந்தப் பேருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. எங்கள் மாடி வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் அதில்தான் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போவார். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர், இப்போது தன் வீட்டுப் பதினெட்டுப் படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்குகிறார்.

"மனு எழுத ஒரு ஆள் வேணும். செயலாளர்னு ஒருத்தர் இருந்தாத்தான் மதிப்பாங்க" என்றார் தையல்கடைக்காரர்.

"இவர் இருக்காரே" என்றாள் என் மனைவி, என்னைக் காட்டி. "கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

"எனக்கு நேரம் எங்க இருக்கு?" என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. மனு யார் கையில் இருக்கிறதோ, நிறுத்தம் அவர் கையில் இருக்கிறது. செயலாளர் என்றால் செயலை ஆள்பவர். நான் அதை அடக்கி ஆள்வதென்று முடிவு செய்தேன்.

"சரி, ஊருக்காகப் பண்றேன்" என்றேன்.

லிஃப்ட்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்று இருந்தது. நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

பத்து நாள் வீடு வீடாகப் போனேன். சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக உண்மையாகவே உழைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது. மனுவை என் அச்சுக் கையெழுத்தில் உருக்கமாக எழுதினேன். யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு உருக்கமாக எழுதுவது சுலபம்.

பத்தாம் நாள் சாயங்காலம் என் மனைவி காகிதங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. இங்கயும். இதோ, இதுலயும்."

"இது என்ன?"

"மனுவோட வெக்கிறது. படிச்சுப் பாருங்களேன்."

"நான் எழுதினதை நானே படிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றிலும் போட்டேன். அவள் உள்ளே போய், எல்லாவற்றையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாளைக்குக் கடைக்குப் போற வழியில நகரசபையில குடுத்துடுங்க."

"அதைவிட எனக்கு வேற என்ன வேலை?"

மறுநாள் நகரசபை வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போனேன். உறையைக் கடையில் என் மேசையின் அடி அறையில், உடைந்த கண்ணாடிச் சட்டங்களுக்குக் கீழே வைத்தேன்.

"குடுத்தாச்சா?" என்று அன்று கேட்டாள்.

"குடுத்தாச்சு."

"ரசீது?"

"பெரிய கூட்டம். அப்புறம் வரச் சொன்னாங்க."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் அதற்கு மேல் கேட்காத இடத்தில் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். மாறாக, நிம்மதியாக இருந்தேன். முப்பது நாள் கழிந்தது. இனி எந்த மனுவும் செல்லாது. பேருந்து பெருமூச்சு விட்டபோதெல்லாம் அது விடைபெறுகிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

முப்பத்தாறாம் நாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. என் மனைவி அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நகரசபை முத்திரை இருந்தது. தங்கள் தலைமையில் அளிக்கப்பட்ட, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையொப்பமிட்ட மனு கிடைக்கப்பெற்றோம். வரும் வியாழன் காலை பதினோரு மணிக்கு நடக்கும் கூட்டத்துக்கு நேரில் வரவும்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"மனு கிடைச்சுதாம்."

"நீங்கதானே குடுத்தீங்க. கிடைக்காம எப்படி?"

அன்று கடைக்கு ஓடிப்போய் அடி அறையைத் திறந்தேன். உறை இருந்தது. ஒட்டு பிரியாமல் இருந்தது. கிழித்தேன். உள்ளே கனத்துக்காகச் சில வெற்றுத் தாள்கள், நடுவில் ஒரு துண்டுக் காகிதம். அவள் கையெழுத்து.

"திறந்துட்டீங்களா? சரி. கூட்டத்துக்கு அந்த நீலச் சட்டையப் போட்டுக்குங்க. தேய்ச்சு வெக்கிறேன்."

நாள் முழுக்க ஊருக்குக் கண்ணாடி பொருத்துகிறவன் நான். என் கண்ணுக்கு முன்னால் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கட்டிலின் மேல் நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த மிகப் பெரிய சண்டை அதுதான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனாலும் நான் விட்டுவிடவில்லை. கூட்டத்தில் பேசப் போவது நான்தானே? முனகிவிட்டு உட்கார்ந்தால் போதும். "பரிசீலிக்கணும்னு கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டால் எந்தச் சபையும் எதையும் பரிசீலிக்காது. அந்த ஒரு வாக்கியத்தைக் குளியலறையில் ஒத்திகை பார்த்தேன்.

புதன்கிழமை காலை என் மனைவி சொன்னாள், "அடுத்த நிறுத்தம் எவ்வளவு தூரம்னு நாளைக்குக் கேப்பாங்க."

"எழுநூறு மீட்டர். அவங்களே போட்டிருக்காங்க."

"அது அவங்க அளவு. இன்னைக்கு மாடி வீட்டு அண்ணனுக்கு ஆஸ்பத்திரி நாள். அவரோட அங்க வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க. நான் சொல்லி வெச்சிருக்கேன். அவர் கீழ இறங்கி நிக்கிறார்."

நிற்கிறார் என்றால் போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

லிஃப்ட்காரர் சுத்தமாகச் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் போல் நின்றார். நடந்தோம். நாற்பது அடி போனதும் தையல்கடைக்கு எதிரில் நின்றார்.

"போர்டு மாத்தியிருக்கார் போல. நல்லா இருக்குல்ல, தம்பி?"

அந்த போர்டு ஆறு வருஷமாக அங்கே இருக்கிறது. ஆமாம் என்றேன். மறுபடி நடந்தோம். மருந்துக்கடைக்கு முன்னால் நின்றார். கடை திறக்கும் நேரத்தை மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு ஒரு வீட்டு வாசலில் நின்று, அவர்கள் வைத்திருந்த செடியின் இலையைத் தொட்டுப் பார்த்தார். அடுத்து, வாடகைக்கு விடப்படும் என்ற ஒரு அட்டை.

"வீடு பாக்கறீங்களா?" என்றேன், விளையாட்டாக.

அவர் சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் மூச்சு விசில் போல் வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் எதையும் படிக்கவில்லை. மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் காட்டிக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால் நிற்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் நின்றேன். செருப்பு வார் அறுந்துவிட்டதாகச் சொல்லி ஒரு தடவை. கடையில் எதையோ மறந்துவிட்டேனா என்று யோசிப்பது போல் ஒரு தடவை. எழுநூறு மீட்டருக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நிறுத்தம் கண்ணுக்குத் தெரிந்தபோது பேருந்து அங்கே நின்றிருந்தது. நான் ஓடிக் கையைக் காட்டினேன். அது போய்விட்டது.

"பரவாயில்ல. அடுத்தது நாப்பது நிமிஷத்துல வரும்" என்றார்.

அங்கே பெஞ்சு இல்லை. என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"காலைல நாங்க வந்து நின்னா, நீங்க ஜன்னலைச் சாத்துற சத்தம் கேக்கும். உங்களுக்குத் தொந்தரவுதான், தெரியும். மெதுவா பேசுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன் தம்பி. சிலர் கேப்பாங்க, சிலர் கேக்க மாட்டாங்க."

அவரை ஏற்றிவிட்டு, கடைக்குப் போகாமல் அவருடனேயே ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். பதிவு மேசையில் என் மனைவி தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பதிவேட்டின் ஒரு கட்டத்துக்குள் தாமதம் என்று எழுதினாள்.

வியாழக்கிழமை நீலச் சட்டையோடு நகரசபைக்குப் போனேன். நீளமான மேசை. நடுவில் தலைவி, இருபுறமும் உறுப்பினர்கள் ஆறு பேர். என் பேரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் தையல்கடை போர்டுதான்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் எங்கெங்கே நின்றார், எதைப் படித்தார், பேருந்து எப்படிப் போனது என்று. "உங்க வரைபடத்துல அது எழுநூறு மீட்டர். அந்த மனுஷனுக்கு அது ஒரு நாளோட பாதி பலம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஓர் உறுப்பினர் காகிதத்தைப் புரட்டினார். "நிறுத்தம் உங்க ஜன்னலுக்கு நேரா இருக்கே. உங்களுக்கு இடைஞ்சல் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம்?"

"இருந்துட்டுப் போகட்டும்."

உட்கார்ந்தேன். இருபது வருஷமாகச் செய்யாத ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்ட நினைப்பில் கண்கூடக் கலங்கியது.

தலைவி தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்லா பேசினீங்க, ஐயா. குறுக்கிட மனசு வரல. ஆனா இந்த நிறுத்தத்தை நீக்கறதில்லன்னு போன வாரமே முடிவு பண்ணிட்டோம். இன்னைக்கு முறைப்படி வாசிக்கணும், அவ்வளவுதான்."

"போன வாரமே?"

"பராமரிக்க ஆள் இல்லங்கிறதுதானே எங்க பிரச்சினை. நீங்கதான் மனுவோட உறுதிமொழி குடுத்திருக்கீங்களே." ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "மேற்படி நிறுத்தத்தைத் தினமும் முதல் பேருந்து வருவதற்கு முன் பெருக்கி, பெஞ்சைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பை நானே மனமுவந்து ஏற்கிறேன்."

கீழே என் கையெழுத்து. அச்சு மாதிரி இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க ஊருக்காகப் பண்றேன்னு சொன்னீங்களே, அப்பவே."

"உறுதிமொழி குடுத்தவுடனே நிறுத்தம் பிழைச்சிடும்னும் தெரியுமா?"

"நோட்டீஸ்லயே போட்டிருந்துச்சே, பராமரிக்க ஆள் இல்லன்னு. ஆளக் குடுத்தேன்."

அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள்.

"அப்போ அவரோட என்னை எதுக்கு நடக்க வெச்ச? அங்க போய் அவ்வளவு பேசினேனே, அதெல்லாம் எதுக்கு?"

"நாளைக்குக் காலைல நீங்க பெருக்கணுமே" என்றாள் அவள். "மனசில்லாமப் பெருக்கினா மூலையெல்லாம் அப்படியே விட்டுடுவீங்க."